காயாத சிவப்பு

புல்லின் மேல் நான் எழுதும் எழுத்து
பக்கத்தில் நிற்பவனுக்குப் படிக்க வராது.
ஒவ்வொரு காலும் முப்பதடி,
சாயங்கால நிழலை யாரோ
பிடித்து இழுத்துவிட்ட மாதிரி.
காசு கொடுத்து உள்ளே வந்தவனுக்கும் அது கிறுக்கல்தான்.
கோபுரத்தில் நிற்கும் ஒரே ஒரு கேமராவுக்கு மட்டும்
எழுந்து நிற்கும்,
அறைந்து நட்ட பலகை போல.

முளை அடித்து, நூல் கட்டி,
முட்டி போட்டுத் தவழ்வோம் நானும் சவரியும்.
சவரி ஒரு காலத்தில்
ஆலை அணியின் லெஃப்ட் பேக்.
அப்போதும் சட்டையில் கம்பெனி பேர் இருந்தது,
சம்பளம் போட்ட கம்பெனியின் பேர்.
"அதுவும் விளம்பரம்தான்டா,
யாரும் பார்க்கல, அவ்வளவுதான்" என்பான்.

போன வருசம் சூதாட்ட ஆப் ஒன்று.
பாதி சீசனில் தடை வந்தது.
ராத்திரி ஒரு மணிக்கு எங்களை எழுப்பி
பச்சை பெயிண்ட் கொடுத்தார்கள்.
பச்சைப் புல்லுக்குப்
பச்சை அடித்துவிட்டு வந்தோம்.

இந்த வருசம் ஜ்வாலா. குடிக்கிற சமாச்சாரம்.
நல்ல சிவப்பு.

அன்றைக்கு மதியம் ஒரு தூறல்.
கப்பன் பார்க் பக்கமிருந்து ஈரக்காற்று.
விரல் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது.
காயவில்லை என்றேன்.
லோகேசப்பா மணியைப் பார்த்தார்.
"ஆகுத்தே, பிடி."

பதினேழாவது ஓவர்.
லாங் ஆனிலிருந்து ஓடிவந்தான் ஒரு பையன்.
ஹாசன் பக்கம், பத்தொன்பது வயது,
சட்டையில் பதினோரு கம்பெனி.
பாய்ந்தான்.
என் எழுத்தின் வயிற்றில் வழுக்கிக்கொண்டே போய்
எழுந்தான்.
ஒரு கையில் பந்து.
மறு கை முழங்கை வரை சிவப்பு.

நாற்பதாயிரம் பேரும் ஒரு கணம் மூச்சு விடவில்லை.
பிறகு பெரிய திரையில் அந்தக் கை.
மெதுவாக. இன்னும் மெதுவாக.
"ரத்தம் சிந்துகிறான் அணிக்காக" என்றது குரல்.
பன்னிரண்டு தடவை விழுந்தான்.
ஒவ்வொரு விழுகைக்கும் முன்னால்
ஒரு டயர் உருண்டு வந்து போனது.

நான் பார்த்தது வேறு.
அவன் முழங்கையைத் தேய்த்தான்.
மூக்கருகே கொண்டுபோனான்.
புரிந்துவிட்டது அவனுக்கு.
ஓரக்கண்ணால் கீழே எழுத்தைப் பார்த்தான்.
அப்புறம் கோபுரத்தின் பக்கம் திரும்பி
கையை உயர்த்திக் காட்டினான்.
யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதை?

வேலியோரம் சவரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் கையிலும் அதே சிவப்பு.

ரெண்டு நாள் கூலி பிடித்தார் லோகேசப்பா.
சிவாஜிநகர் கடைசி பஸ்ஸில்
ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார்.
கண்டக்டர் குனிந்து பார்த்து,
"ஏனாய்த்து? ஆக்சிடென்ட்டா?"
பெயிண்ட் என்றேன்.
அந்த அம்மாவின் முகத்தில்
கொஞ்சம் ஏமாற்றம்.
உட்கார்ந்தபடியேதான் வந்தேன்.

வீட்டில் மகள் டிவியில் பார்த்திருந்தாள்.
"எழுத்து நேராத்தான் இருந்துச்சுப்பா,
எந்திரிச்சு நின்னுச்சு" என்றாள்.
ஆறு வருசமாக எழுதுகிறேன்,
நான் அதை நேராகப் பார்த்ததில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன்.
பிடித்த கூலி திரும்பி வந்தது,
மேலே ஐநூறு.
லோகேசப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"அடுத்த மேட்ச்சுக்கும்... கொஞ்சம்
காயாம வைக்க முடியுமா?"

கிளிசரின் விட்டால்
மூணு மணிநேரம் தாங்கும் என்கிறான் சவரி.
எவ்வளவு என்று இருவருக்கும் தெரியாது.
கண்ணளவில் ஊற்றி
வாளிக்குள் குச்சியை விட்டுக் கலக்குகிறேன்.
வலைப் பயிற்சியில்
பையன்கள் பந்து வீசும் சத்தம்.
இவர்களில் எவனோ ஒருவன்.

வாக்கிடாக்கி கரகரக்கிறது:
"இடது கால் இன்னும் ரெண்டடி, பாஸ்."
இழுக்கிறேன்.